கைப்பேசியும் ஒரு பணப்பெட்டியே

முன்னாளில் நம் சேமிப்பு மரப்பெட்டியில் இருந்தது. சாவி இடுப்பில் இருந்தது. இன்றோ, தருமபுரி பட்டுக்கூடு அங்காடியில் விற்ற பணமும் நெசவுக் கூலியும் வங்கிக் கணக்கில் சேருகின்றன. 2016-ல் யு.பி.ஐ. முறை வந்தபின் அக்கணக்கு கைப்பேசிக்குள் அடங்கிவிட்டது.

பெட்டி மாறினும் சாவி உண்டு. இரகசிய எண்ணும், குறுஞ்செய்தியில் வரும் ஒருமுறை எண்ணுமே அச்சாவிகள். பணம் செலுத்த இரகசிய எண் வேண்டும், பெறுவதற்கு வேண்டியதில்லை. ஆதலின், "பணம் அனுப்புகிறோம், இரகசிய எண்ணை இடுங்கள்" என்பவர் கொடுக்க வந்தவரல்லர், எடுக்க வந்தவரே.

ஏமாந்த அங்கத்தினர் வெட்கி மறைத்தல் கூடாது. உடனே 1930 என்னும் எண்ணிலும் வங்கியிலும் தெரிவித்தால், பணம் பல கைகள் மாறுமுன் தடுத்து நிறுத்த வழியுண்டு. சங்கப் பங்கிற்கு நியமனதாரரைக் குறிப்பதுபோல் வங்கிக் கணக்கிற்கும் குறித்து வைப்போமாக. நம் உழைப்பின் பயன் நம் குடும்பத்திற்கே சேரட்டும்.