களத்தில் விழும் வெயிலும் கம்பியில் வரும் கரண்டும்

இன்றைக்குக் கொப்பரை காயவைப்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "இதிலே பேச என்ன இருக்கு? தேங்காயை உடைச்சுக் களத்திலே போட்டா தானாக் காயுது" என்று நீங்கள் சொல்வது காதில் விழுகிறது. காயத்தான் செய்கிறது. ஆனால் அதை மூட்டை கட்டி வண்டியேற்றிக் கொண்டுபோனால், வியாபாரி மூட்டைக்குள் கையைவிட்டு நாலு மூடியை எடுத்துப் புரட்டிப் பார்த்து, "கருப்பு விழுந்திருக்கே" என்று விலையைக் குறைக்கிறாரே, அது ஏன்? அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

உடைத்த பச்சைத் தேங்காய்ப் பருப்பில் சரிபாதி தண்ணீர். நல்ல கொப்பரையில் 6 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கக்கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பூசணத்துக்குக் கொண்டாட்டம். திறந்த களத்தில் காய 5 முதல் 7 நாள் ஆகிறது. பகலெல்லாம் காய்ந்தது ராத்திரிப் பனியில் மறுபடியும் ஈரம் வாங்கிக்கொள்கிறது. இடையில் ஒருநாள் மப்புப் போட்டுவிட்டால் பருப்பின் மேல் வழுவழுப்பாக ஒரு பிசுக்கு வரும். அப்புறம் பச்சையும் மஞ்சளுமாகப் பூசணம் பூக்கும். இதைப் பார்த்ததும் சில இடங்களில் கந்தகம் போட்டுப் புகைமூட்டம் கொடுக்கிறார்கள். பருப்பு வெளுப்பாகத்தான் தெரியும். ஆனால் பூசணம் ஏற்கெனவே கக்கிய நஞ்சு, அஃப்ளாடாக்சின் என்று பெயர், வெளுத்துப்போனதால் போய்விட்டது என்று நம்பிவிட முடியாது. அடுப்புச் சூட்டிலும் அது முழுதாக அழியாது. அந்தக் கொப்பரையை ஆட்டினால் நஞ்சில் பெரும்பங்கு பிண்ணாக்கோடு போகிறது, பிண்ணாக்கு மாட்டுக்குப் போகிறது, மாட்டுப் பாலில் அதன் ஒரு பங்கு வேறு உருவத்தில் வருகிறது. அந்தப் பாலைக் குடிப்பது நம் வீட்டுப் பிள்ளைதான்.

ஆகவே சீக்கிரம் காயவைக்க வேண்டும். எதை வைத்துக் காயவைப்பது என்பதுதான் கேள்வி. "கரண்டு ஹீட்டர் வச்ச டிரையர் போடலாமா சார்?" என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஆயிரம் தேங்காயில் சுமார் 140 கிலோ கொப்பரை கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்காக நீங்கள் ஆவியாக்கி விரட்ட வேண்டிய தண்ணீர் ஏறத்தாழ 120 லிட்டர். கிட்டத்தட்ட எட்டுக் குடம். ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க முக்கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவான வெப்பம் வேண்டும். அப்படியானால் ஆயிரம் காய்க்கு, துளியும் வீணாகாவிட்டாலும், 80 யூனிட். இந்த 80 யூனிட் எங்கிருந்து வருகிறது? ஒடிசாவில் நிலக்கரி வெட்டி, ரயிலிலும் கப்பலிலும் ஏற்றித் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்து, அங்கே எரித்து, நீராவியாக்கி, சக்கரம் சுழற்றிக் கரண்டாக்குகிறார்கள். எரித்த வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கு சொச்சம்தான் கரண்டாக மாறும். மீதி கடலோடும் காற்றோடும் போய்விடும். அப்படி வந்த கரண்டு கம்பியிலும் டிரான்ஸ்பார்மரிலும் கொஞ்சம் சிந்தி உங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தால், நீங்கள் என்ன செய்கிறீர்கள்? மறுபடியும் அதை வெப்பமாக மாற்றுகிறீர்கள்! வெப்பத்தைக் கரண்டாக்கி, கரண்டைத் திரும்ப வெப்பமாக்க இத்தனை தூரம். ஒரு யூனிட்டுக்குச் சுமார் முக்கால் கிலோ நிலக்கரி என்றால், உங்கள் ஆயிரம் காய்க்கு எங்கோ ஒரு மூட்டைக்கு மேல் நிலக்கரி எரிகிறது. காற்றாலைக் கரண்டும் நம் மாநிலத்தில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கரண்டுக்கு மோட்டார் சுற்றுவது, விளக்கு எரிவது என்று அதனால் மட்டுமே ஆகிற வேலைகள் எத்தனையோ இருக்கின்றன. அதைக் கொண்டுவந்து தேங்காய்க்குக் குளிர் காயவைப்பானேன்?

இப்போது உங்கள் களத்துக்கு வாருங்கள். நல்ல வெயில் நாளில் நம் பக்கத்தில் ஒரு சதுர மீட்டர் தரையில் சுமார் 5 யூனிட் அளவுக்கு வெப்பம் விழுகிறது. பத்தடிக்கு இருபதடி இடம் என்றால் 18 சதுர மீட்டர் சொச்சம். ஒரு நாளைக்கு 90 யூனிட்! இதில் கால்வாசியைப் பிடித்தால்கூட நாலு நாளில் உங்கள் ஆயிரம் காயின் தண்ணீர் போய்விடும். மீட்டர் கிடையாது, பில் கிடையாது, கம்பி கிடையாது.

கம்பி கிடையாது என்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். 2018 நவம்பர் 16-ஆம் தேதி விடியற்காலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியதை மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. சில கிராமங்களுக்கு விளக்கு வரவே வாரக்கணக்கில் ஆயிற்று. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னை விழுந்து கிடந்த கணக்கு உங்களுக்குத் தெரியும். அப்போது நான் பார்த்த ஒரு தோப்பில், விழுந்த மரத்திலிருந்து முற்றிய காய்களை மட்டும் பொறுக்கிக் குவித்து வைத்திருந்தார் ஒரு பெரியவர். பக்கத்தில் ஒரு வியாபாரியின் கொட்டகையில் கரண்டு டிரையர் இருந்தது, கரண்டு இல்லை. "மரந்தான் போச்சு, காயாவது காசாகுமான்னு பாக்கறேன் தம்பி" என்றார். புயல் போன பிறகு இடையிடையே வெயில் அடித்தது. அதைப் பிடிக்க அவரிடமும் ஒன்றுமில்லை, சொல்லிக் கொடுக்க என்னிடமும் அன்றைக்கு ஒன்றுமில்லை. அந்தக் காயில் பாதிக்கு மேல் அழுகிப் போனது. அந்த வருத்தத்தில்தான் நான் இந்தச் சூரிய உலர்த்தியைக் கவனிக்க ஆரம்பித்தேன்.

சோலார் என்றதும் வீட்டுக் கூரையில் வைக்கிற நீலநிறப் பலகைதான் பலருக்கு நினைவு வருகிறது. அது வேறு. அது வெயிலில் ஐந்தில் ஒரு பங்கைக் கரண்டாக்கும். பம்புசெட்டுக்கு அது சரி. காயவைக்க அது தேவையே இல்லை. நமக்கு வேண்டியது வெயிலின் சூடு, அதை நேராகவே பிடித்துக்கொள்ளலாம்.

இது புதுச் சங்கதியும் அல்ல. 1767-இல் ஸ்விட்சர்லாந்துக்காரர் சசூர் என்பவர் கண்ணாடி மூடிய பெட்டியை வெயிலில் வைத்து, தண்ணீர் கொதிக்கிற சூட்டையும் தாண்டிய சூட்டை உள்ளே கண்டார். நம் நாட்டிலேயே, பம்பாயில் இருந்த ஆடம்ஸ் என்ற வெள்ளைக்கார அதிகாரி கண்ணாடிகளை வைத்து வெயிலில் சோறு சமைத்துக் காட்டி, 1878-இல் அதைப் பற்றிப் புத்தகமே போட்டார். இன்றைக்கு விழுப்புரம் மாவட்டத்து ஆரோவில்லுக்குப் போனால், 1990-களில் அங்கேயே கட்டிய 15 மீட்டர் அகலக் கிண்ணம் ஒன்றைச் சமையல்கூடத்தின் கூரைமேல் பார்க்கலாம். உள்ளே முழுக்கக் கண்ணாடித் துண்டுகள். அதில் குவிகிற வெயிலில் நீராவி எடுத்து நூற்றுக்கணக்கானவர்களுக்குச் சமைப்பதற்காகக் கட்டியது. வெயில் குறைந்தால் துணைக்கு டீசல் கொதிகலன். நமக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டாம்.

நமக்கு வேண்டியது ஒரு கூண்டு. தரையைச் சிமெண்டு போட்டு மட்டப்படுத்தி, கருப்பு வர்ணம் பூசுங்கள். கருப்பு வெயிலைக் குடிக்கும். அதன்மேல் இரும்புக் குழாயைக் கூட்டுவண்டிக் கூண்டு மாதிரி வளைத்து நட்டு, மேலே பாலிதீன் ஷீட்டைப் போர்த்த வேண்டும். குழாய் வளைக்க உள்ளூர் வெல்டிங் பட்டறையே போதும். ஷீட்டு மட்டும் 200 மைக்ரான் கனமுள்ள யூ.வி. ஷீட்டாகக் கேட்டு வாங்குங்கள். சாதாரண ஷீட்டு மலிவுதான், ஆனால் சில மாதத்தில் அப்பளமாய் நொறுங்கிவிடும். இதுவோ மூன்று நாலு வருஷம் உழைக்கும். கூண்டின் நீளம் கிழக்கு மேற்காக இருக்கட்டும். மார்கழி, தை மாதத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து வரும்போது அந்தப் பக்கவாட்டில் வெயில் நன்றாக விழும். தென்னை மரத்தடியில் மட்டும் போட்டுவிடாதீர்கள். நிழல் ஒருபுறம், மட்டை விழுந்தால் ஷீட்டு கிழியும். உள்ளே நடுவில் ஆள் நடக்க வழி விட்டு, இரண்டு பக்கமும் இரண்டடுக்குக் கம்பிவலைத் தட்டு போட்டால் பத்துக்கு இருபதடிக் கூண்டில் ஆயிரம் காயின் மூடிகளை ஒற்றை வரிசையாகப் பரப்பலாம்.

காற்றுப் போக்குக்கு வழி விட மறந்துவிடாதீர்கள். இதில் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். முதல் முதலில் ஒரு விவசாயி தோப்பில் கூண்டு போட்டபோது, சூடு வெளியே போய்விடுமே என்று சந்து பொந்து எல்லாவற்றையும் அடைத்துவிட்டேன். மத்தியானம் தெர்மாமீட்டர் 68 டிகிரி காட்டியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. சாயங்காலம் பார்த்தால் ஷீட்டின் உள்பக்கமெல்லாம் முத்து முத்தாகத் தண்ணீர், அது திரும்பத் தேங்காய் மேலேயே சொட்டுகிறது. மறுநாள் பருப்பெல்லாம் வழுவழுவென்று போய்விட்டது. அந்த வீட்டு அம்மா, "காயவைக்கச் சொன்னா அவிச்சு வச்சிருக்கீங்களே சார்" என்றார். உண்மைதான்.

சூடு மட்டும் காயவைப்பதில்லை, சூடான காற்று வெளியேறும்போதுதான் ஈரத்தைத் தூக்கிக்கொண்டு போகிறது. 30 டிகிரியில் 75 சதவீதம் ஈரப்பதம் உள்ள காற்றை 50 டிகிரிக்குச் சூடாக்கினால் அதே காற்றின் ஈரப்பதம் 25 சதவீதத்துக்குப் பக்கத்தில் இறங்கிவிடும். அவ்வளவு தாகம் அதற்கு. அது ஈரத்தைக் குடித்துவிட்டு வெளியே போக வழி வேண்டாமா? ஆகவே தரையை ஒட்டிக் காற்று நுழையத் துவாரமும், முகட்டில் வெளியேறப் புகைபோக்கி மாதிரிக் குழாயும் வையுங்கள். எலியும் ஈயும் புகாமல் வலை கட்டுங்கள். முதல் நாள் தண்ணீர் அதிகம் வரும், எல்லாவற்றையும் முழுக்கத் திறந்து வையுங்கள். அடுத்தடுத்த நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம். உள்ளே 50 முதல் 60 டிகிரி இருந்தால் போதும். 65-ஐத் தாண்டினால் திறந்துவிடுங்கள். அதற்கு மேல் போனால் பருப்பின் மேல்பக்கம் இறுகி, உள்ளே ஈரம் சிறைப்பட்டுவிடும். பொழுது சாய்ந்ததும் துவாரங்களை மூடிவிடுங்கள், இல்லையென்றால் ராத்திரி ஈரக்காற்று உள்ளே வரும்.

தேங்காயை விடியற்காலையில் உடைத்து, நாலு மணி நேரத்துக்குள் கூண்டுக்குள் பரப்பிவிட வேண்டும். முதல்நாள் சாயங்காலமே உடைத்து வைத்துவிட்டுக் காலையில் பரப்புகிறவர்களுக்கு எந்தக் கூண்டும் உதவாது. மூடி மேல்பார்த்து இருக்கட்டும். ஒன்றரை இரண்டு நாளில் பருப்பு கொட்டாங்குச்சியை விட்டுக் கழன்றுவரும். கழற்றியெடுத்துப் பருப்பை மட்டும் மறுபடி பரப்புங்கள். வெயில் நன்றாக இருந்தால் மூன்று நாலு நாளில் முடியும்.

காய்ந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒடித்தால் சத்தம் கேட்கும் என்பது பழைய கை, அதுவும் சரிதான். அத்தோடு ஒரு காரியம் செய்யுங்கள். முதல் நாளே பத்து மூடிப் பருப்பைக் கீறி எடுத்து, ஒரு வலைப்பையில் போட்டு, மளிகைக்கடைத் தராசில் எடைபோட்டுக் குறித்து வையுங்கள். அந்தப் பையையும் கூண்டிலேயே மற்றவற்றோடு வையுங்கள். தினமும் சாயங்காலம் நிறுத்துப் பாருங்கள். ஒரு கிலோ இருந்தது அரைக் கிலோவுக்குச் சற்று மேலே வந்து, அதற்குப் பிறகு இறங்காமல் நின்றால், கீறிய பருப்பு காய்ந்துவிட்டது. முழு மூடி அதைவிடக் கொஞ்சம் மெதுவாகக் காயும், ஆகவே இன்னும் அரைநாள் விட்டு எடுங்கள்.

மழைநாளில் என்ன செய்வது என்று கேட்பீர்கள். வெயில் இல்லாவிட்டால் கூண்டு வேலை செய்யாது, இதை மறைத்துச் சொல்லி உங்களை ஏமாற்ற நான் விரும்பவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் கூண்டை நம்பி ஆயிரம் காய் உடைக்காதீர்கள். உடைத்த பிறகு மப்புப் போட்டுவிட்டால், கழற்றிய கொட்டாங்குச்சியே உங்களிடம் எரிபொருளாக இருக்கிறது. கூண்டுக்கு வெளியே அடுப்பு வைத்து, புகை பருப்பில் படாமல் இரும்புக் குழாய் வழியாக உள்ளே சுற்றி வெளியேறும்படி அமைத்துக்கொள்ளலாம். கொட்டாங்குச்சிக்கு நல்ல விலை வருகிற ஊரில் இது கொஞ்சம் மனக்கஷ்டம் தரும். ஆனாலும் கெட்டுப்போகிற கொப்பரையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

தேங்காய் இல்லாத நாளில் மிளகாய், மஞ்சள் எது வேண்டுமானாலும் இதில் காயவைக்கலாம். முருங்கைக்கீரை, கறிவேப்பிலை என்றால் மட்டும் மேலே கருப்புத் துணி கட்டி நிழல் கொடுங்கள். நேர் வெயிலில் பச்சை நிறம் போய்விடும்.

ஒருவராகப் போடச் சிரமமானால் நாலைந்து பேர் சேர்ந்து போட்டு முறை வைத்துக்கொள்ளலாம். வேளாண்மைப் பொறியியல் துறை சூரிய உலர்த்திக்கு மானியம் கொடுத்து வந்திருக்கிறது. இந்த ஆண்டு என்ன நிலவரம் என்று அவர்கள் அலுவலகத்தில் முதலில் கேட்டுக்கொண்டு, அப்புறம் குழாய் வாங்கப் போங்கள். கட்டி முடித்துவிட்டுப் போய்க் கேட்டால் வேலைக்காகாது.

கூண்டு போடும்போதே ஷீட்டைக் குழாயோடு ஆணியடித்துப் பிணைத்துவிடாமல், கழற்றி மாட்டுகிற மாதிரி கிளிப்பு வைக்கச் சொல்லுங்கள். புயல் எச்சரிக்கை வந்ததும் இரண்டு பேர் சேர்ந்து ஷீட்டைக் கழற்றிச் சுருட்டி வீட்டுக்குள் வைத்துவிட்டால், வெறும் குழாய்க்கூண்டில் காற்று பிடிக்க ஒன்றுமிருக்காது. வெயில் வந்த அன்றைக்கே திரும்ப மாட்டிவிடலாம், கரண்டு எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.