மழைக் குளிர்: எப்போது மலையிறங்க வேண்டும்?

நம்ம பாலிக் புலாவில் பனியா பெய்கிறது, குளிருக்கு என்ன பயம் என்கிறீர்களா? விடியுமுன்னே டுரியான் பொறுக்க மலையேறுகிறவர்கள் கேளுங்கள். நனைந்த சட்டையில் காற்றடித்தால் உடம்புச் சூடு வேகமாக இறங்கும். 37 டிகிரி இருக்க வேண்டியது 35-க்குக் கீழே போனால் ஆபத்து.

நடுக்கம் நிற்கவில்லையா? விரல் மரத்து, பொத்தான் போட வரவில்லையா? உடனே இறங்கிவிடுங்கள். பழம் போனால் இன்னொரு பழம் விழும்.

பேச்சுக் குழறி, நடை தள்ளாடி, நடுக்கமும் நின்றுவிட்டால் சுகமாகிவிட்டது என்று எண்ணாதீர்கள், நிலைமை முற்றிவிட்டது. 999-ஐ அழையுங்கள். ஈரத்துணியைக் களைந்து, உலர்ந்த போர்வை போர்த்துங்கள். நினைவு தெளிவாக இருந்தால் மட்டும் இனிப்புத் தேநீர் கொடுக்கலாம். சம்சு வேண்டவே வேண்டாம். தோல் சூடாகும், உள்சூடு வெளியேறும்.