எண்ணிம இடைவெளி

எண்ணிம இடைவெளி அல்லது டிஜிட்டல் டிவைடு என்பது கணினி, இணையம் முதலிய தகவல் தொழில்நுட்பங்களைப் பயன்படுத்தும் வாய்ப்புப் பெற்றோருக்கும் பெறாதோருக்கும் இடையே உள்ள ஏற்றத்தாழ்வைக் குறிக்கும் சொற்றொடர் ஆகும். வருமானம், கல்வி, வாழிடம், பாலினம், வயது, மொழி ஆகியன இதன் முக்கிய காரணிகள்.

சொற்பயன்பாடு

ஐக்கிய அமெரிக்க வணிகத் துறையின் கீழுள்ள தேசியத் தொலைத்தொடர்பு, தகவல் நிர்வாகம் 1995 ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை, தொலைபேசி, கணினி, மோடம் ஆகியன எத்தகைய வீடுகளில் இல்லை என்பதை ஆராய்ந்தது. அதைத் தொடர்ந்து வந்த 1998, 1999 ஆம் ஆண்டு அறிக்கைகளின் துணைத்தலைப்புகளில் இச்சொற்றொடர் இடம்பெற்றது. பின்னர் இது நாடுகளுக்கு இடையேயான ஏற்றத்தாழ்வையும் குறிக்கலாயிற்று. 2003 இல் ஜெனீவாவிலும் 2005 இல் துனிசிலும் நடைபெற்ற தகவல் சமூக உலக உச்சி மாநாட்டில் இது முக்கிய விவாதப்பொருளாக இருந்தது.

நிலைகள்

* அணுகல்: கருவியும் இணைப்பும் கிடைத்தல்.
* திறன்: வேண்டிய தகவலைத் தேடி அறியும் ஆற்றல். இவ்வேறுபாட்டை எசுத்தர் ஆர்கிட்டாய் 2002 இல் இரண்டாம் நிலை இடைவெளி என்றார்.
* பயன்: கல்வி, வேலை, அரசுச் சேவை போன்றவற்றில் கிடைக்கும் நன்மை.

விமர்சனம்

'டிவைடு' என்ற சொல் மக்களை இரு கூறுகளாக மட்டும் காட்டுகிறது. உண்மையில் இருப்பது படிநிலை வேறுபாடே என்று மார்க் வார்ஷவர் போன்ற ஆய்வாளர்கள் வாதிட்டனர். சொந்தக் கணினி உடையவரும், குடும்பத்தினருடன் ஒரே கைபேசியைப் பகிர்பவரும் புள்ளிவிவரத்தில் 'இணையப் பயனர்' என்றே கணக்கிடப்படுகின்றனர். எனவே இணைப்பை மட்டும் அளவுகோலாகக் கொண்டால், கருவிகளை வழங்கியதுமே இடைவெளி நீங்கியதாகத் தோன்றும். பயிற்சியும் தாய்மொழி உள்ளடக்கமும் கவனிக்கப்படாமல் போகும்.

பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் 2024 ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி சுமார் 260 கோடி மக்கள் இணையத்தைப் பயன்படுத்தவில்லை. பயன்படுத்துவோரிடையே நிலவும் வேறுபாடுகள் இவ்வெண்ணிக்கையில் அடங்கா.