மூன்றே சைஸில் தைத்த இணைய முகவரிகள்

19 என்ற எண்ணில் தொடங்கும் ஐ.பி. முகவரிகள் ஏறத்தாழ 1.67 கோடி. அத்தனையும் ஃபோர்டு என்ற ஒரே கார் கம்பெனிக்கு ஒதுக்கப்பட்டிருந்தன. அன்றைய விதியில் அளவுகளே மூன்றுதான்.

ஐ.பி. முகவரி என்பது 32 பிட் எண். அதன் முன்பகுதி வலையமைப்பைச் சொல்லும், பின்பகுதி அதற்குள் இருக்கும் கருவியைச் சொல்லும். இரண்டையும் பிரிக்கும் கோடு எங்கே விழ வேண்டும்? 1981-ல் ஜான் போஸ்டல் தொகுத்த விதிமுறை மூன்று இடங்களைக் குறித்தது. ஏ வகுப்பில் 1.67 கோடி முகவரிகள், பி-யில் 65,536, சி-யில் 256. ஆர்டர் எதுவானாலும் மூன்று சைஸ்தான் தைப்போம் என்று ஒரு பனியன் கம்பெனி அடம்பிடித்தால் எப்படியோ, அப்படித்தான் இதுவும். 2,000 கணினி வைத்திருப்பவருக்கு சி பற்றாது. பி வாங்கினால் 63,000-க்கும் மேல் வீண்.

சரி, எட்டு சி கொடுத்தால்? முகவரி வீணாகாது, ஆனால் உலகெங்கும் உள்ள ரவுட்டர்கள் வைத்திருக்கும் வழிப்பட்டியலில் எட்டு வரிகள் கூடும். 1990-களின் தொடக்கத்தில் அந்தப் பட்டியல் வேகமாக வீங்கியது. 1993 செப்டம்பரில் வந்த வகுப்பற்ற முறை இரண்டு சிக்கலையும் ஒன்றாக அவிழ்த்தது. கோடு எந்த பிட்டிலும் விழலாம். விழும் இடத்தைச் சாய்கோட்டுக்குப் பின் எழுதினால் போதும். /21 என்றால் 2,048 முகவரிகள், பட்டியலில் ஒரே வரி.

திருப்பூரில் ஒரு நடுத்தர ஏற்றுமதி யூனிட்டை வைத்துக் கணக்குப் போட்டால் வித்தியாசம் தெளிவாகும். கட்டிங், தையல், செக்கிங் பகுதிகளில் 100 கேமராக்கள். அலுவலகத்தில் 50 கணினிகள். வருகைப் பதிவுக் கருவிகள் 20. கையில் இருப்பது 192.168.1.0/24, அதாவது 256 முகவரிகள். பழைய முறையிலும் உள்ளே பிரிக்கலாம். 1985-லேயே அதற்கு விதி வந்துவிட்டது. ஆனால் துண்டுகள் நடைமுறையில் சம அளவாக இருந்தாக வேண்டும். நான்காகப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் 62 கருவிகள்தான், கேமராக்கள் அடங்காது. இரண்டாகப் பிரித்தால் மூன்று பிரிவுக்கு இடமில்லை.

வகுப்பற்ற முறையில் கேமராக்களுக்கு /25 (126 கருவிகள்), அலுவலகத்துக்கு /26 (62), வருகைப் பதிவுக்கு /27 (30). இன்னொரு /27 மிச்சம். ஆர்டர் பார்க்க வரும் பையர்களின் வைஃபைக்கு அதைக் கொடுக்கலாம். பிரிவுகளுக்கு இடையே ரவுட்டர் நிற்பதால், விருந்தினர் செல்போன் கணக்குப் பிரிவுக் கணினியைத் தொடாதபடி அங்கே விதி வைக்க முடியும். இதற்காகவே இந்தப் பிரிப்பைச் செய்யலாம் என்பேன்.

192.168 என்று பார்த்ததும் 'சி கிளாஸ்' என்று சொல்வது இன்றும் நெட்வொர்க் வேலை செய்பவர்களிடம் உண்டு. பேச்சில் இருந்தால் பரவாயில்லை, கோடு விழும் இடத்தைக் கருவிக்குச் சொல்லும் மாஸ்க்கில் ஏறினால்தான் தொல்லை. /25-ல் இருக்கும் கேமராவுக்கு 255.255.255.128 என்று போட வேண்டும். பழக்கத்தில் 255.255.255.0 போட்டுவிட்டால், அலுவலகக் கணினியும் தன் பிரிவிலேயே இருப்பதாகக் கேமரா எண்ணிக்கொள்ளும். தகவலை ரவுட்டருக்கு அனுப்பாமல் நேரடியாகத் தேடும். கேமராவும் நன்றாக இருக்கும், கேபிளும் நன்றாக இருக்கும், அலுவலகத் திரையில் மட்டும் படம் வராது. கேபிளை மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியது மாஸ்க்கின் கடைசி எண்ணை.