மோதினால் ஒளிரும் வாயு

ஷிஃப்ட் மாறும் நேரம். ஒரகடம் கூட்டுரோட்டைத் தாண்டி, வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் கம்பெனி பஸ்கள் பறக்கின்றன. முன்னால் போகும் டிரெய்லர் லேசாக பிரேக் போடுகிறது. பின்னால் வருகிறவர்களுக்கு அது தெரிவதற்குள் ஒன்றை ஒன்று நெருக்கி நின்றுவிடுகின்றன. ‘முன்னால் தடை’ என்ற சேதியை முந்திக்கொண்டு வண்டி வந்துவிடுவதால் விழும் நெருக்கடி இது.

வாயுவில் அந்தச் சேதியைச் சுமப்பது ஒலி. ஒலியைவிட வேகமாகப் பாயும் வாயுவுக்கு எச்சரிக்கை கிடைப்பதில்லை. நேரே போய் மோதுகிறது. அந்த மோதல் முகப்புதான் அதிர்ச்சி அலை.

விண்ணிலும் இப்படி மோதல் நடக்கிறது. பிறந்துகொண்டிருக்கும் விண்மீன், தன்னைச் சுற்றும் வட்டிலிருந்து வாயுவை விழுங்குகிறது. விழுங்கியதில் ஒரு பங்கைக் காந்தப்புலம் இரு துருவங்களின் வழியாகப் பீய்ச்சி எறிகிறது. அந்தப் பீச்சு ஒரே சீராக இருப்பதில்லை. பிந்தி வந்த வேகமான வாயு, முந்திப் போன மெதுவான வாயுவை இடிக்கிறது. இடித்த இடம் பல்லாயிரம் டிகிரி சூடேறி, ஹைட்ரஜனும் கந்தகமும் செந்நிறத்தில் ஒளிர்கின்றன. உள்ளே விண்மீனே இல்லாத இந்த ஒளித்திட்டுகளை 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆராய்ந்தவர்கள் ஜார்ஜ் ஹெர்பிக், கில்லெர்மோ ஹாரோ. அவர்கள் பெயரே திட்டுகளுக்கும் நிலைத்தது. இவை அதிர்ச்சி அலையின் ஒளி என்று 1975-இல் விளக்கியவர் ரிச்சர்ட் ஷ்வார்ட்ஸ்.

இவற்றில் அசுர வேகக்காரன் ஹெர்பிக்–ஹாரோ 80–81. தனுசு ராசி மண்டலத்தில், சுமார் 5,000 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. அதன் வாயு நொடிக்கு ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர் பாய்கிறது. புனே பக்கம் கோடத் கிராமத்தில் உள்ள மாபெரும் மீட்டர் அலை ரேடியோ தொலைநோக்கிக்கு ஒரகடத்திலிருந்து அந்த வேகத்தில் போனால் ஒரு நொடிப் பயணம்!

45 மீட்டர் விட்டமுள்ள 30 தட்டுகள் கொண்ட அந்தத் தொலைநோக்கியை, திருவனந்தபுரம் இந்திய விண்வெளி அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தின் சரிதா விக் குழுவினர் இந்தப் பீச்சின் பக்கம் திருப்பினர். முடிவு 2018-இல் வெளியானது. வெறும் சூட்டில் எழும் ரேடியோ ஒளி குறைந்த அதிர்வெண்ணில் வலுப்பதில்லை. இங்கே பீச்சில் முடிச்சு முடிச்சாகத் தெரியும் பல திட்டுகளில் வலுத்தது. காந்தப்புலத்தில் சுழலும் அதிவேக எலக்ட்ரான்களின் அடையாளம் அது. அதிர்ச்சி முகப்பை முன்னும் பின்னுமாகப் பல தடவை கடந்து, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் ஆற்றல் சேர்த்துக்கொண்டு, அவை ஒளியின் வேகத்தை நெருங்கிவிடுகின்றன.

சாலையில் கூட்டம் கூட்டமாக வரும் பஸ்களின் இடைவெளியைப் பார்த்தே எந்த ஷிஃப்ட் எப்போது விட்டது என்று இந்த ஊர்க்காரர் சொல்லிவிடுவார். விண்ணிலும் அதே கணக்குதான். முடிச்சுகளுக்கு இடையிலான தூரத்தை வேகத்தால் வகுத்தால் போதும். தூசிக்குள் மறைந்திருக்கும் அந்தக் குழந்தை விண்மீன் எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வயிறு முட்ட உண்டது என்பது தெரிந்துவிடும்.