முதல் இரட்டைக் கடிவாளம்: குதிரை வாயில் இடம் எவ்வளவு?

கடிவாளம் என்ற ஒரே சொல்லைத் தலையில் மாட்டும் வாருக்கும் சொல்கிறோம், வாய்க்குள் போகும் இரும்புக்கும் சொல்கிறோம். கலினம் என்று ஒரு பழைய சொல்லும் உண்டு. இன்று அது அகராதியோடு சரி. இங்கே இரும்பு என்றே எழுதுகிறேன்.

2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் டிரெஸ்ஸாஜ் குழுப் போட்டியில் இந்தியா தங்கம் வென்றது. குதிரையேற்றத்தில் 1982-க்குப் பிறகு நமக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. அந்த வித்தையில் மேல்படிக்குப் போகும் பிள்ளையிடம், ஒருநாள் பயிற்சியாளர் "டபுள் பிரைடில் வாங்கு" என்பார். எந்த இரும்பை வாங்குவது என்பதில்தான் குழப்பம்.

இதில் இரண்டு இரும்பு, இரண்டு ஜோடி வார். மேலே இருப்பது பிரிடூன். குதிரைக்குப் பழகிய ஸ்நாஃபிலின் மெலிந்த தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே கர்ப். இது மூட்டில்லாத தண்டு. இரு பக்கமும் கை நீண்டிருக்கும், தாடைக்கடியில் சங்கிலி ஓடும். வாரை இழுத்தால் நெம்புகோல் மாதிரி வேலை செய்யும். நாக்கும் ஈறும் அமுங்கும், சங்கிலி தாடையைப் பிடிக்கும், உச்சந்தலை வாரும் அழுத்தும்.

தடித்த இரும்புதான் குதிரைக்கு மெத்து என்று பலர் நம்புகிறார்கள். ஒற்றை இரும்புக்கு அது ஓரளவு பொருந்தும். இரண்டு போகும்போது கணக்கே மாறிப்போகுதுங்க. முன்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் நடுவே பல்லில்லாத ஈறு கொஞ்சம்தான். வாயை மூடினால் அந்த இடத்தை நாக்கே நிரப்பிவிடும். அதற்குள் இரண்டு தடித்த தண்டைத் திணித்தால் நாக்கு எங்கே போகும்? வெளியே தொங்கும், அல்லது இரும்புக்கு மேலே ஏறும். "முரட்டுக் குதிரை" என்று பழி வேறு!

சர்வதேச டிரெஸ்ஸாஜ் விதியில் பிரிடூனுக்குக் குறைந்தது 10 மி.மீ., கர்ப்புக்கு 12 மி.மீ. தடிமன் வேண்டும். முதல் தடவைக்கு பிரிடூன் 14, கர்ப் 16 என்ற அளவில் பார்க்கலாம். வாய் சின்னதாக, நாக்கு கனமாக இருந்தால் இன்னும் மெலிந்ததே நல்லது. கர்ப்பின் நடுவில் நாக்குக்கு இடம்விடும் தாழ்வான, அகன்ற வளைவு இருக்கட்டும். கீழ்க்கை நீளத்துக்கு விதி 10 செ.மீ. வரை இடம் தருகிறது. தொடக்கத்துக்கு 5 செ.மீ. போதும்.

அகலத்தில் பிரிடூன் கர்ப்பைவிடச் சுமார் 5 மி.மீ. கூடுதலாக இருக்க வேண்டும். கர்ப் அகன்றுவிட்டால் பக்கவாட்டில் நகரும். வளைவு நடுவை விட்டு விலகி, அதன் விளிம்பே நாக்கைக் குத்தும்.

சங்கிலியை முறுக்கெடுத்துத் தட்டையாக மாட்டணும். வாரை இழுக்கையில் கை 45 டிகிரி சாய்ந்ததும் சங்கிலி பிடித்தால் அளவு சரி. தொளதொளவென்று விட்டால் இரும்பு புரண்டுவிடும். இறுக்கினால் விடாத பிடியாகிவிடும். முதல் சில நாள் கர்ப் வாரைத் தளர்த்தியே வைத்து, பிரிடூனில் மட்டும் ஓட்டுவது வழக்கம். ஸ்நாஃபிலிலேயே கைக்குப் பழகாத குதிரைக்கு இது வேண்டவே வேண்டாம்.

வாங்கும் முன் கால்நடை மருத்துவரிடம் பல்லைக் காட்டிவிடுங்கள். சேணத் தொழிலுக்குப் பேர்போன கான்பூரிலிருந்து வரவழைப்பதானால், "நடுத்தரக் குதிரை" என்று எழுதி அனுப்பாதீர்கள். வழவழப்பான மரக்குச்சி ஒன்றை வாயில் குறுக்கே வைத்து, இரண்டு கடைவாயிலும் கோடு போட்டு, அந்த அளவை மி.மீட்டரில் எழுதி அனுப்புங்கள்.