மாதிரிக் கோப்பும் அமானிதமே

சரக்கைப் பார்க்காமல் நாம் விலை பேசுவதில்லை. கணினியில் வரையும் கலைஞருக்கு அவரது மாதிரிக் கோப்பே சரக்கு.

என் மசாலாத்தூள் பைக்கு லேபல் வடிவமைக்க இரண்டு தம்பிமார் வந்தனர். முதலாமவரின் கோப்பில் நாற்பது வேலைகள். புரட்டும்போது, எனக்குத் தெரிந்த ஒருவர் வரைந்த பிஸ்கட் பெட்டியும் அதில் இருந்தது. கேட்டேன், தலை குனிந்தார். மீதி முப்பத்தொன்பதையும் என்னால் நம்ப முடியவில்லை.

மற்றவரிடம் ஆறே வேலைகள். அவற்றில் இரண்டு, யாரும் கேட்காமல் பயிற்சிக்காக வரைந்தவை. அதை மறைக்காமல் கீழே எழுதியிருந்தார். சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் தெளிவாக வாசிக்கக்கூடியதாக இருந்தன. திரையில் தெரியும் நிறம் நான்கு மையில் அச்சாகும்போது மாறும் என்பதால், உண்மை அளவில் அச்சடித்தே கொண்டுவந்திருந்தார். வேலையை அவருக்கே கொடுத்தேன்.

தனித்துத் தொழில் தொடங்கும் பிள்ளைகளே! பிறர் ஆக்கத்தை 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் பாதுகாக்கிறது. சட்டத்துக்கு முன்பே அது அமானிதம்.

வியாபாரிகளே, நாமும் ஒன்று செய்யலாம். முடிந்த வேலையைத் தம் கோப்பில் வைத்துக்கொள்ள எழுத்தில் அனுமதி கொடுப்போம். எமக்கு அதில் செலவில்லை. அவர்களுக்கு அதுவே முதல்.